வீட்டுல வச்சு பாத்துக்கிறவங்களுக்கு கைப்பிடிச்சு சொல்லிக்குடுத்தவங்க

அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து வலது பக்கம் விழுந்துடுச்சு. டிஸ்சார்ஜுக்கு முந்தின நாள் கையில மாத்திரை சீட்டு குடுத்தாங்க அவ்ளோதான், ஆளை எப்படி புரட்டுறதுன்னு யாரும் சொல்லல. நைட் டூட்டி சிஸ்டர் ஒருத்தங்கதான் "நீங்கதானே பாத்துக்கப் போறீங்க, என் முன்னாடி செஞ்சு காட்டுங்க"ன்னு நிக்க வச்சாங்க.

விழுந்த கையப் புடிச்சு இழுத்துத் தூக்கவே கூடாதாம், தோள் மூட்டு தளர்ந்திருக்கும், இறங்கிடும்னாங்க. இடுப்புக்கு அடியில பெட்ஷீட்டை மடிச்சுப் போட்டு அதைப் புடிச்சுத்தான் ஆளை நகர்த்தணும், ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை பக்கம் மாத்தணும், முழுசா ஒருக்களிக்க வேண்டாம், முதுகுப் பக்கம் தலகாணி கொடுத்து லேசா சாய்ச்சா போதும், கெண்டைக்காலுக்கு அடியில ஒண்ணு வச்சு குதிகால் மெத்தையில படாம பாத்துக்கணும்.

வால் எலும்புகிட்ட சிவந்திருந்தா விரலால அழுத்திப் பாக்கச் சொன்னாங்க. அழுத்தினா வெளுத்துட்டு திரும்ப சிவந்தா பரவால்ல, வெளுக்கவே இல்லன்னா படுக்கைப்புண் ஆரம்பிச்சாச்சுன்னு அர்த்தம், அந்த இடத்துல பாரம் விழவே கூடாது, தேய்ச்சும் விடக்கூடாது. கறுத்த தோல்ல சிவப்பு சட்டுனு தெரியாது, சூடா கெட்டியா இருக்கான்னு தொட்டுப் பாருன்னு என் கையையே எடுத்து வச்சுக் காட்டினாங்க. இதையெல்லாம் சொல்லித்தராம யாரையும் வீட்டுக்கு அனுப்பவே கூடாதுங்க, ஒரு சிஸ்டரோட நல்ல மனசை நம்பியா ஒரு மனுஷன் உடம்பு இருக்கணும்?

—

அக்கா, எனக்கும் இப்படி ஒருத்தர் கிடைச்சார், டயாலிசிஸ் டெக்னீஷியன். வீட்டுக்காரருக்கு கையில ஃபிஸ்டுலா, அதாவது டயாலிசிஸ் ஊசி போடுறதுக்காக ரெண்டு ரத்தக்குழாயை ஆபரேஷன் பண்ணி இணைக்கிறது, அதைப் போட்டதும் என் விரலை அது மேல வச்சு "தெரியுதா?"ன்னார், உள்ள பூனை கர்ருனு சத்தம் போடுற மாதிரி ஒரு அதிர்வு. தினம் காலைல தொட்டுப் பாருங்க, அந்தக் கையில பிபி பாக்க விடாதீங்க, டயாலிசிஸ் தவிர வேற எதுக்கும் ஊசி போட விடாதீங்க, வாட்ச் இறுக்கிக் கட்ட வேண்டாம், அந்தக் கை மேல சாஞ்சு தூங்க வேண்டாம்னார். அப்புறம் ஒருநாள் ரத்தம் எடுக்க வந்த தம்பி அதே கையில கயிறு கட்டப் போனார், நான் குறுக்க கைய நீட்டி நிறுத்திட்டேன், இந்த வீட்ல அதைத் தெரிஞ்சவ நான் ஒருத்திதானே. அதிர்வு நின்னா விடியட்டும்னு காத்திருக்காம, நடுராத்திரியா இருந்தாலும் உடனே போன் பண்ணச் சொல்லிருக்கார், அந்த நம்பரை ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டி வச்சிருக்கேன்.