ஜி 3 எண் போட்ட டானிக்கைக் கடையில் வைக்கலாமா?

அயோத்தியாப்பட்டணம் கடைக்காரன்:
அப்பாவின் உரக்கடையை ஒரு வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். போன வாரம் ஒரு கம்பெனி ஆள் கடற்பாசி டானிக் 2 பெட்டி இறக்கிவிட்டு, விற்ற பிறகு காசு கொடுத்தால் போதும் என்று சொல்லிப் போனார். பாட்டிலில் ஜி 3 என்று ஒரு எண் இருக்கிறது, தயாரிப்பு தேதி 2025 ஏப்ரல். ஸ்டிக்கர் ஓரம் தூக்கிக்கொண்டு நின்றதால் நகத்தால் உரித்தேன். அடியில் 2025 ஆகஸ்ட் என்று அச்சாகியிருக்கிறது. எதற்காக இப்படி மாற்றி ஒட்டுகிறார்கள்? ஏற்காட்டு மிளகுக்காரர்கள் வந்து கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

ஆத்தூர் அக்ரி:
கொடுக்காதீங்க தம்பி. 2021 பிப்ரவரியில்தான் இந்தக் கடற்பாசி டானிக் மாதிரி பயிர் வளர்ச்சியைத் தூண்டும் உயிர் ஊக்கிகளை 1985 உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டுவந்தார்கள். அதுவரை யார் வேண்டுமானாலும் காய்ச்சி விற்கலாம் என்றுதான் நிலைமை. அப்போது ஏற்கெனவே சந்தையில் இருந்தவர்களுக்குக் கொடுத்த தற்காலிகப் பதிவுதான் ஜி 3. பலமுறை நீட்டித்து, கடைசியாக 2025 ஜூன் 16-ஓடு முடிந்துவிட்டது. ஆகஸ்டில் தயாரித்த சரக்குக்கு அந்த எண் செல்லாது, அதனால்தான் ஏப்ரல் என்று ஒட்டியிருக்கிறார்கள். இப்போது ஆணையின் 6-ஆம் அட்டவணையில் அறிவிக்கப்பட்ட சரக்கை மட்டும்தான் தயாரித்து விற்கலாம். அதற்கு வயல் சோதனை, நச்சுத்தன்மைச் சோதனை எல்லாம் காட்ட வேண்டும். பூச்சிமருந்து கலப்பு 0.01 பிபிஎம்முக்கு (பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) மேல் இருக்கக்கூடாது. டானிக் அடித்த மறுநாளே பூச்சி செத்து விழுந்தால் அதில் என்ன கலந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அட்டவணையில் எந்தப் பயிருக்கு, எவ்வளவு என்றும் இருக்கும். தக்காளிக்கு அனுமதி வாங்கியதை மிளகுக்கு என்று சொல்லி விற்பது தப்பு.

ஏற்காடு மிளகுத் தோட்டம்:
அந்தப் பயிர் விஷயம்தான் என்னைக் கவிழ்த்தது. மழை பிடித்து மிளகுக்கொடி திரி (மிளகு காய்க்கும் பூங்கொத்து) விடும் நேரத்தில், மிளகுக்கு அருமையாக வரும் என்று கீழே ஒரு கடையில் கொடுத்ததை வாங்கி அடித்தேன். பத்தே நாளில் இளந்திரி கருகி, கொடியடியில் கொட்டிக் கிடந்தது. பாட்டிலைத் திருப்பிப் படித்தால் மிளகு என்ற பேச்சே இல்லை. பில்லும் கொடுக்கவில்லை, யாரிடம் போய்க் கேட்பது? இப்போதெல்லாம் பேட்ச் எண் எழுதிய பில் இல்லாமல் எதையும் வாங்குவதில்லை. தம்பி, நீங்களாவது எந்தப் பயிருக்கு என்று பாட்டிலில் இருப்பதை எங்களுக்குப் படித்துக் காட்டிக் கொடுங்கள்.

வாழப்பாடி பழைய கடை:
மாட்டினால் இன்றியமையாப் பண்டங்கள் சட்டம், 7 வருடம் வரை சிறை. கம்பெனிக்காரன் மறைந்துவிடுவான், சரக்கு உங்கள் அலமாரியில்தான் இருக்கும். புதுக் கம்பெனி சரக்கு எடுப்பதற்கு முன்னால் ஓ படிவம், அதாவது சரக்கு எங்கிருந்து வருகிறது என்று கம்பெனி கொடுக்கும் சான்று, கேளுங்கள், இழுத்தடித்தால் விட்டுவிடுங்கள். யூரியா வேண்டுமென்றால் டானிக்கும் எடு என்று நெருக்கினாலும் தலையாட்டாதீர்கள், மத்திய வேளாண் அமைச்சரே 2025 ஜூலையில் அப்படிக் கட்டி விற்பதைத் தடுக்கச் சொல்லி எல்லா முதல்வர்களுக்கும் கடிதம் எழுதினார். அப்புறம், அந்த ஸ்டிக்கரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

அயோத்தியாப்பட்டணம் கடைக்காரன்:
நல்லவேளை, குப்பையில் போடவில்லை. பாட்டிலோடு சேர்த்துக் கவரில் போட்டு வைத்திருக்கிறேன், திங்கட்கிழமை வேளாண் உதவி இயக்குநர் அலுவலகத்துக்கு எடுத்துப் போகிறேன். ரொம்ப நன்றி அண்ணா.