கி.மு. 431: ஒரே எண் போதுமா?

நாழிகைவட்டில்:
ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும் மோதிய பெலோபொன்னேசியப் போர் தொடங்கியது கி.மு. 431. இப்படி ஒரே எண்ணாக எழுதினால் போதும் என்பது என் கட்சி. ‘432/1’ (432 கோடை முதல் 431 கோடை வரை) என்று சாய்கோடு போடும் வழக்கம் படிப்பவர்களைத் திணறடிக்கத்தான் உதவுகிறது.

கல்லெழுத்து:
ஒப்புக்கொள்ள மாட்டேன். ஏதென்ஸில் ஆண்டு பிறப்பது நடுக்கோடையில். அதற்குப் பெயர், அவ்வாண்டு ஆர்க்கோனின், அதாவது ஓராண்டுப் பதவி வகிக்கும் அதிகாரியின், பெயர். தீப்ஸ் நகர வீரர்கள் இருட்டில் பிளாட்டியா நகருக்குள் நுழைந்து போர் மூண்ட அந்த இளவேனில் இரவை, அப்போரின் வரலாற்றை எழுதிய துசிடிடீஸ் எப்படிக் குறிக்கிறார், பாருங்கள். ஆர்கோஸில் கிரைசிஸ் பூசாரியாக இருந்த 48-ஆம் ஆண்டு. ஸ்பார்ட்டாவில் ஐனேசியாஸ் எஃபோர், அதாவது அங்குள்ள ஓராண்டு அதிகாரி. ஏதென்ஸில் ஆர்க்கோன் பைத்தோடோரஸ். நூலின் பழைய கையெழுத்துப் பிரதிகளில் உள்ளபடி, அவர் பதவி முடிய இன்னும் 2 மாதம். ஓர் இரவைச் சொல்ல மூன்று ஊர்க் கணக்கு வேண்டியிருந்தது. நீங்கள் ஓர் எண்ணில் முடிக்கிறீர்கள்.

நாழிகைவட்டில்:
அதே துசிடிடீஸைத்தான் நானும் சாட்சிக்கு அழைக்கிறேன். அந்தக் கோடையில், பிற்பகலில், சூரியன் பிறைபோலத் தேய்ந்து சில விண்மீன்கள் தெரிந்ததாக எழுதுகிறார். கணித்துப் பார்த்தால் ஆகஸ்ட் 3. அதற்குள் பைத்தோடோரஸ் போய் யூத்திடெமஸ் ஆர்க்கோனாகிவிட்டார். ஆகவே ஏதென்ஸ் கணக்கில் பிளாட்டியா ஓர் ஆண்டு, கிரகணம் அடுத்த ஆண்டு. துசிடிடீஸுக்கோ இரண்டும் போரின் முதல் கோடைதான். பதவியில் இருந்தோர் பட்டியலை நம்பாதீர்கள், ஒரு நிகழ்ச்சி பதவியின் தொடக்கத்தில் நடந்ததா நடுவில் நடந்ததா என்று அதில் தெரியாது, கோடையும் குளிருமாக எண்ணுங்கள் என்று அவரே வாதாடுகிறார். அவர் உதறிய கணக்கை நாம் ஏன் சுமக்க வேண்டும்?

வான்நோக்கி:
ஓர் எச்சரிக்கை. வானியலார் அந்தக் கிரகணத்தை −430 என்று எழுதுவார்கள். அவர்களுக்குச் சுழி ஆண்டு உண்டு (கி.மு. 1 தான் அது), வரலாற்றாருக்குக் கிடையாது. எண் ஒன்றே என்றாலும் யாருடைய எண் என்று கேட்டாக வேண்டும்.

கல்லெழுத்து:
கிரகணத்துக்கு நாள் கிடைத்துவிட்டது, சரி. பைத்தோடோரஸ் பெயரை மட்டும் தாங்கிய ஒரு கல்வெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் இல்லை. அது 432 இலையுதிர்காலமா, 431 இளவேனிலா? 87-ஆம் ஒலிம்பியாடின் (ஒலிம்பிக் போட்டியை வைத்து எண்ணும் நான்காண்டுச் சுற்று) முதலாண்டு என்று மாற்றிச் சொன்னாலும் விடியாது, அதுவும் கோடையில் தொடங்குவதுதான். நீங்கள் 431 என்று எழுதிவிட்டால், கல்லில் இல்லாத ஒன்றைக் கல்லின்மேல் ஏற்றிவிடுகிறீர்கள்.

நாழிகைவட்டில்:
கல்வெட்டுக்குச் சாய்கோடு நியாயம்தான், அதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. பருவம் தெரிந்த பிளாட்டியாவுக்கு ‘431 இளவேனில்’ என்றே எழுதுவேன்.

கல்லெழுத்து:
பருவத்தோடு எழுதினால் எனக்கு மறுப்பில்லை. வெறும் 431 என்றால் இன்னமும் மறுப்பேன்.