அப்பா வீட்டைத் தம்பிக்கு எழுதுகிறார்: உயிலா, செட்டில்மென்ட்டா?

கொள்ளிடக்கரை:
அப்பாவுக்கு 79, அம்மாவுக்கு 72. திருச்சியில் 1986-ல் அப்பா தன் சம்பளத்தில் மனை வாங்கிக் கட்டிய வீடு, பத்திரம் அவர் பெயரில் மட்டும். நான் மூத்தவள், பெங்களூரில் இருக்கிறேன், தங்கை சேலத்தில், தம்பி குடும்பத்தோடு அப்பா அம்மாவுடனேயே இருக்கிறான். போன வருஷம் அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்ததிலிருந்து ஆஸ்பத்திரி, மாத்திரை, ராத்திரி முழிப்பு எல்லாமே அவனும் அவன் மனைவியும்தான். அதனால் வீடு அவனுக்குப் போவதில் எனக்கும் தங்கைக்கும் துளி வருத்தமில்லை.

அப்பா இப்போதே செட்டில்மென்ட் (உயிரோடு இருக்கும்போதே சொத்தை எழுதிக்கொடுக்கும் பத்திரம்) போட்டுவிடுகிறேன், பின்னால் யாரும் கோர்ட்டுக்கு அலைய வேண்டாம் என்கிறார். போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டே, தலையைத் தூக்காமல், "எழுதிட்டா அப்புறம் நான் இங்க இருக்க அவங்களைக் கேக்கணுமாடி?" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய பத்திரம்:
பத்திர எழுத்தர் அலுவலகத்தில் 20 வருஷம் இருந்தவன், வக்கீல் இல்லை. உங்கள் அம்மா கேட்டதுதான் சரியான கேள்வி. செட்டில்மென்ட் பதிவாகி, தம்பி ஏற்றுக்கொண்டால் வீடு அன்றைக்கே அவருடையது, அப்பா மனசு மாறினாலும் தானாக ரத்து செய்ய முடியாது. உயில் அப்படி இல்லை, அப்பா இருக்கும்வரை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம், கடைசியாக எழுதியதுதான் செல்லும்.

செலவு என்று பார்த்தால், குடும்பத்துக்குள் செட்டில்மென்ட்டுக்கு முத்திரைத்தீர்வை 1%, பதிவுக்கட்டணம் 1%. 2023 ஜூலையிலிருந்து உச்சவரம்பு 40,000 ரூபாயும் 10,000 ரூபாயும். உயிலுக்கு முத்திரைத்தாளே வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை, ஆனாலும் பதிவு செய்யுங்கள். அப்பாவால் வர முடியாவிட்டால் சார்பதிவாளர் வீட்டுக்கே வந்து பதிய வழி உண்டு.

செட்டில்மென்ட்தான் என்று அப்பா பிடிவாதமாக இருந்தால், அப்பா, அம்மா இருவருக்கும் ஆயுட்கால அனுபவ பாத்தியதை, அதாவது உயிரோடு இருக்கும்வரை அந்த வீட்டில் இருந்து அனுபவிக்கும் உரிமை, என்று பத்திரத்திலேயே எழுத வேண்டும். கூடவே, பெற்றோரைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் ஒரு வரி சேருங்கள். அந்த வரி இருந்து, பிள்ளை கவனிக்காமல் போனால், 2007 மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-வது பிரிவில் கோட்டாட்சியரிடம் மனு கொடுத்துப் பத்திரத்தைச் செல்லாது ஆக்கலாம். எழுதாமல் விட்டுவிட்டு அழுதவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தம்பி நல்லவர்தான், அதில் சந்தேகமே இல்லை, ஆனால் நாளைக்கு அவருக்கே ஒன்று ஆகிவிட்டால் வீடு யார் கைக்குப் போகும் என்றும் யோசியுங்கள்.

வைகைமேடு:
உயில் என்றால் சாட்சிகளைப் பார்த்துப் போடுங்கள். இரண்டு சாட்சி வேண்டும். எங்கள் அப்பா தன் வயதுக்காரர்களான இரண்டு நண்பர்களைப் போட்டார். அப்பா போனபிறகு அண்ணன் வழக்குப் போட்டார், அதற்குள் சாட்சிகள் இருவருமே இல்லை. அவர்களில் ஒருவரின் கையெழுத்தை நிரூபிக்க, ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தின் பழைய ரிஜிஸ்டரை, கரையான் அரித்த ஓரத்தோடு, தேடிப் பிடித்துக் கோர்ட்டில் காட்ட வேண்டி வந்தது. நான்கு வருஷம் போயிற்று. இன்னும் அண்ணனோடு பேச்சில்லை, அதுதான் வலிக்கிறது. நாற்பதுக்குள் இருக்கும், உயிலில் பங்கில்லாத ஆட்களாகப் பாருங்கள். ஏன் மகனுக்கு மட்டும் கொடுக்கிறேன் என்ற காரணத்தையும் அப்பா தன் வார்த்தையில் எழுதட்டும், அப்போது பின்னால் சந்தேகம் எழுப்புவது கடினம்.

சேலம் அக்கா:
பேங்க் டெபாசிட்டை மறந்துவிடாதீர்கள். நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளத்தான், சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார், வாரிசுகளுக்குப் பங்கு இருக்கிறது. உயிலில் டெபாசிட் பற்றித் தனியாக எழுதுங்கள். எதுவுமே எழுதாமல் போனால் அம்மாவுக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் கால் கால் பங்கு, 1956 இந்து வாரிசுரிமைச் சட்டம். அப்புறம் வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸ், பட்டா மாற்றம் என்று அம்மாவையும் அலைய வைக்க வேண்டியிருக்கும்.

கொள்ளிடக்கரை:
எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி தம்பிக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை, பிறகு "அம்மா அப்படியா கேட்டாங்க?" என்றான், குரல் உடைந்துவிட்டது. உயில்தான் என்று அவனே அப்பாவிடம் சொல்லிவிட்டான். அம்மா ஆயுள் வரை வீடு அம்மாவுக்கு, அதன்பிறகு அவனுக்கு. டெபாசிட் முழுக்க அம்மாவுக்கு. சாட்சிக்குப் பக்கத்து வீட்டு டீச்சரும் தம்பியின் நண்பனும் வருகிறார்கள். டீச்சருக்கு 38 வயது. பழைய பத்திரம் ஐயா, அப்பாவுக்குக் கை நடுங்குகிறது, கையெழுத்தோடு பெருவிரல் ரேகையும் வைக்கலாமா?

பழைய பத்திரம்:
தாராளமாக வைக்கலாம்மா, இரண்டும் இருக்கட்டும். அதுவும் அந்த இரண்டு சாட்சிகளின் கண்முன்னால் வைக்கட்டும். இதய டாக்டரிடம் அப்பா தெளிவாக இருக்கிறார் என்று அதே வாரத் தேதியில் ஒரு சான்று வாங்கி, உயிலோடு சேர்த்து வையுங்கள்.