மரநிழலில் படம் கலங்குகிறது: சரணாலயத்தில் ஒரு நாள், என்ன செட்டிங்?

புதுலென்ஸ்:
காட்டுச் சரணாலயத்தில் ஒரு முழு நாள். நடைபாதையும் உண்டு, மறைந்திருந்து பார்க்கும் குடிலும் உண்டு. கையில் 100-400 மி.மீ. ஜூம் லென்ஸ். 400-இல் லென்ஸ் துளை எஃப் 5.6 வரைதான் திறக்கும். மான், அணில், மரங்கொத்தி எடுக்க ஆசை. வெட்டவெளியில் நன்றாக வரும் படம் மரத்தடியில் கலங்கிவிடுகிறது. ஸ்டெபிலைசேஷன் இருந்தும் ஏன்?

நிழல்வெளிச்சம்:
ஸ்டெபிலைசேஷன் உங்கள் கைநடுக்கத்தை அடக்கும், அணில் வாலை அடக்காது. அடர்ந்த மரநிழலில் வெளிச்சம் நாலைந்து ஸ்டாப் குறையலாம் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி). வெளியே ஷட்டர் வேகம் 1/1000 நொடி கிடைத்தால் உள்ளே 1/60, 1/30 என்று இறங்கிவிடும்.

மேனுவலில் எஃப் 5.6 வைத்து, ஷட்டரை நீங்களே முடிவு செய்யுங்கள். ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்வு அளவு) ஆட்டோ, உச்சவரம்பு 6400. நிற்கும் மானுக்கு 1/250. காது ஆடிக்கொண்டே இருக்கும் என்பதால் நாலைந்து படம் தொடர்ச்சியாக. அணிலுக்கு 1/800-க்குக் கீழே வேண்டாம். படம் இருண்டால் வரம்பை 12800 ஆக்குங்கள். புள்ளி புள்ளியாக வரும் இரைச்சலைப் பிறகு குறைக்க முடியும், கலங்கலை ஒன்றும் செய்ய முடியாது.

இலை இடுக்கில் வானம் தெரிந்தால் கேமராவின் ஒளி மீட்டர் ஏமாந்து மானைக் கறுப்பாக்கும், எக்ஸ்போஷர் காம்பன்சேஷனில் +0.7 அல்லது +1 கொடுங்கள். ரா ஃபைல் (கேமரா பதப்படுத்தாத மூலப் பதிவு) அவசியம். இலை வழியே வரும் ஒளி வெள்ளை வயிற்றில் பச்சை பூசிவிடும், அதைப் பிறகு எடிட்டிங்கில் டின்ட் (பச்சை-மெஜந்தா நிறச் சமன்) மாற்றிச் சரிசெய்யலாம்.

பட்டைச்சத்தம்:
ஃபோகஸும் காரணமாக இருக்கலாம். அகன்ற ஏரியா வைத்தால் முன்னால் நீட்டிய குச்சியைப் பிடித்துக்கொள்ளும். ஒற்றைப் புள்ளி வைத்துக் கண்ணில் நிறுத்துங்கள்.

மரங்கொத்தி பெரும்பாலும் கீழிருந்து மேலாகத்தான் ஏறும். ஆளைக் கண்டால் தண்டின் மறுபக்கம் நழுவும். சுற்றி ஓடாதீர்கள். அது இருக்கும் இடத்துக்குச் சற்று மேலே பட்டையில் ஃபோகஸ் வைத்துக் காத்திருங்கள். கொத்தும்போது 1/2000-இலும் தலை மங்கலாம். கொத்தை நிறுத்தி, விறைத்த வாலை மரத்தில் ஊன்றி, தலையைத் திருப்பும் அந்த ஒரு நொடியில் அமுக்குங்கள். பல கேமராக்களில் ஓசையில்லா எலக்ட்ரானிக் ஷட்டர் வேகமான அசைவை வளைத்துப் பதியும், கொத்தும் பறவைக்கு மெக்கானிக்கலே மேல்.

காற்றுமுகம்:
மெக்கானிக்கல் சத்தம் மானுக்கு ஆகாது, அங்கே எலக்ட்ரானிக்குக்கு மாற்றிவிடுங்கள். ஃபோகஸ் உதவி விளக்கையும் பீப்பையும் அணையுங்கள். காற்று உங்கள் முகத்தில் படும்படி நடங்கள். முதுகில் பட்டால் நீங்கள் பார்க்கும் முன்பே மான் மோப்பம் பிடித்துவிடும். தலை தூக்கி இரு காதையும் உங்கள் பக்கம் திருப்பினால் அப்படியே உறையுங்கள். முன்காலால் தரையைத் தட்டினால் மெல்லப் பின்வாங்குங்கள், அதற்குமேல் ஓரடியும் நெருங்கக் கூடாது.

குடிலில் முக்காலி இடத்தை அடைக்கும். தானியம் நிரப்பிய ஒரு கிலோ துணிப்பையை ஜன்னல் கட்டையில் வைத்து லென்ஸைச் சாய்த்தால் போதும். லென்ஸ் முனை வெளியே நீளவே வேண்டாம், திருப்பும்போது முதலில் தெரிவது அதுதான். பதிவு செய்த பறவைக்குரலை ஒலிக்கவிடாதீர்கள். குஞ்சுக்கு இரை தேட வேண்டிய பறவை, இல்லாத எதிரியைத் தேடி அலையும்.