‘வயது போனால் அப்படித்தான்’ என்றார் அம்மா

திருகோணமலை உப்புவெளியிலிருந்து எழுதுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன்பு அப்பாவின் காரியத்துக்காகக் கன்னியா போயிருந்தோம். ஏழு வெந்நீர்க் கிணற்றிலும் வாளியால் அள்ளி ஊற்றிக் குளித்துவிட்டு அம்மா ஈரச் சீலை மாற்ற, நான் துவாயை விரித்து மறைத்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் பார்த்தேன். இடது மார்பின் காம்பு உள்ளே இழுபட்டிருந்தது, பக்கத்தில் விரலால் அமுக்கியது போல ஒரு சின்னக் குழி. கேட்டால், “அது ஒரு வருசமா அப்படித்தான் பிள்ளை. நோ ஒண்டும் இல்லை. வயசு போனா எல்லாம் சுருங்கும்தானே” என்கிறார். அப்போது அவருக்கு 71 வயது. நாலு பிள்ளைக்குப் பால் கொடுத்த மார்பு, அதில் ஒன்றும் வராது என்பது அவருடைய நம்பிக்கை. பால் கொடுத்தால் ஆபத்து கொஞ்சம் குறையும், உண்மைதான். ஆனால் இல்லாமல் போகாது.

முதலில் காட்டிய டொக்டர் சட்டைக்கு மேலாலேயே பார்த்துவிட்டு வயதுக்குரிய மாற்றம் என்று விற்றமின் எழுதித் தந்தார். அதை நம்பி இரண்டு மாதம் போய்விட்டது, இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. இரண்டாவதாகப் பார்த்தவர் கை வைத்த உடனேயே மமோகிராமுக்கு, அதுதான் மார்பை எடுக்கிற எக்ஸ்ரே படத்துக்கு, எழுதினார்.

அன்று காலை அம்மா வழக்கம்போலப் பவுடர் பூசிக்கொண்டு வந்துவிட்டார். படம் எடுக்கிற பிள்ளை ஈரத் துணியால் கக்கத்தையும் மார்புக்குக் கீழேயும் பொறுமையாகத் துடைத்துவிட்டாளாம். பவுடர்த் துகள் படத்தில் வெள்ளைப் புள்ளியாக விழுமாம், அதைச் சிலவேளை இந்த நோயின் அறிகுறியாக இருக்கிற சுண்ணாம்புப் படிவு என்று நினைத்துக் குழம்பக் கூடும். ஒவ்வொரு மார்பையும் இரண்டு தட்டுக்கு நடுவில் அமுக்கி, மேலிருந்து ஒன்று, சரிவாக ஒன்று, மொத்தம் 4 படம். “பத்து எண்ணுறதுக்குள்ள விட்டுட்டாங்க” என்றுதான் அம்மா வெளியே வந்து சொன்னார். அப்புறம் ஊசியால் சதை எடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோய்தான். வயதானவர்களுக்குக் கூடுதலாக வருகிற, உடம்பின் ஹோர்மோனால் வளருகிற வகை. ஒப்பரேஷன் முடிந்து இப்போது அந்த ஹோர்மோனைக் குறைக்க தினமும் ஒரு லெட்ரோசோல் குளிசை. அம்மாவுக்கு 73, வீட்டில் இருக்கிறார், தானே சமைக்கிறார்.

என்னை வருத்துவது இதுதான். பிரஷருக்கும் சீனிக்கும் மாதா மாதம் அம்மாவைக் கிளினிக் கூட்டிப் போனேன். ஒரு தடவைகூட யாரும் மார்பைப் பற்றிக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இந்த நோய்க்குப் பெண்ணாக இருப்பதற்கு அடுத்த பெரிய காரணமே வயதுதான் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

* * *

அக்கா, நான் கிண்ணியா. எங்கட உம்மாவுக்கு 79, இருதய வருத்தம், நாலு அடி நடந்தால் மூச்சு வாங்கும். நான்தான் பயத்தில் மமோகிராம் எடுக்கலாமா என்று டொக்டரிடம் கேட்டேன். அவர் உம்மாவை வடிவாகக் கையால் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார். கட்டி ஒன்றும் இல்லாதவர்களுக்குத் தேடிப் பார்ப்பதன் பலன் கிடைக்க ஏறத்தாழ 10 வருடம் எடுக்குமாம். அதற்கிடையில் உயிருக்கு ஒன்றும் செய்யாத மெதுவான கட்டியைக் கண்டுபிடித்து, அதற்கு வெட்டும் மருந்தும் என்று உம்மாவைத்தான் பாடுபடுத்துவோம் என்றார். ஆனால் கட்டி, குழி, காம்பில் நீர், எது தெரிந்தாலும் 90 வயதென்றாலும் கொண்டு வா என்றும் சொன்னார். இந்த இரண்டும் வேறு வேறு என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

* * *

தங்கச்சிமார், நான் 30 வருடத்துக்கு மேல் மிட்வைஃபாக வேலை செய்து ஓய்வு பெற்றவள். கிண்ணியா உம்மாவைப் பார்த்த டொக்டர் சொன்னது சரி. அமெரிக்காவில் 2024 இல் வந்த பரிந்துரை 40 முதல் 74 வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்கிறது. 75க்கு மேல் செய் என்றோ விடு என்றோ சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்று விட்டிருக்கிறார்கள். இங்கிலாந்தில் 50 முதல் 71 வரை 3 வருடத்துக்கு ஒருமுறை மமோகிராமுக்கு வரச் சொல்லிக் கடிதம் வரும், அதற்குப் பிறகு வேண்டுமென்றால் தாங்களே கேட்கலாம். நம் இலங்கையில் அப்படி எல்லோரையும் கூப்பிட்டு மமோகிராம் எடுக்கிற திட்டம் இல்லை. இருப்பது 1996 இல் தொடங்கிய சுகவனிதையர் கிளினிக், பெண்களை நோய் வருமுன்னே பரிசோதிக்கிற அரசாங்கக் கிளினிக். அதிலும் 35, 45 வயதுக்காரரைத்தான் முக்கியமாகக் கூப்பிடுவோம், அதனால் அறுபது தாண்டியவர்கள் அது தங்களுக்கு இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள். போய்க் கேளுங்கள். கையால் பார்ப்பார்கள், காசு இல்லை, சந்தேகம் என்றால் மேலே அனுப்புவார்கள்.

வீடு வீடாகப் போன காலத்தில் நான் கண்டது, நோ இல்லாத கட்டியைத்தான் மறைப்பார்கள். வலித்தால் சொல்லிவிடுவார்கள். மாதவிடாய் நின்றவர்கள் போயா நாளை, அதுதான் பௌர்ணமியை, ஞாபகத்துக்கு வைத்துக்கொண்டு, மாதம் ஒருமுறை கண்ணாடி முன் நின்று கையைத் தூக்கிப் பாருங்கள்.

* * *

இதையெல்லாம் வாசித்துவிட்டு நேற்று இரவு மாமியிடம் கேட்டேன். அவருக்கு 66. ஆறு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம், இப்படி ஒன்றை ஒருநாளும் கதைத்ததில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “கதவைச் சாத்திப்போட்டு வா, ஒரு இடம் காட்டோணும்” என்றார்.

நாளைக் காலை போகிறோம்.