அம்பாசிடர் மார்க் 2: பாயிண்ட் மாத்தினதிலிருந்து ஏத்தத்துல நாக்கிங்

காட்பாடி_மார்க்2:
1489 சிசி பெட்ரோல் இன்ஜின். பாயிண்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள திறந்து மூடி ஸ்பார்க் வரவைக்கிற சுவிட்ச்), கண்டென்சர் ரெண்டும் புதுசு. அதிலிருந்து, சூடா இருக்கும்போது ஸ்டார்ட் பண்ணா ஸ்டார்ட்டர் திணறி எதிர்ப்பக்கம் உதைக்குது. ஏலகிரி வளைவுகள்ல மூணாவது கியர்ல மிதிச்சா கிலுகிலுன்னு நாக்கிங். சமதளத்துல இழுவைக்குக் குறையில்ல. பாயிண்ட் கேப் 0.50 மி.மீ. இருக்கு. டிஸ்ட்ரிபியூட்டரைத் தொடவே இல்ல. டைமிங்கை, அதாவது ஸ்பார்க் வர்ற நேரத்தை, டைமிங் லைட் இல்லாம சரிபார்க்க வழி உண்டா?

பாலாறு_ஸ்பேனர்:
தொடாமலேயே மாறியிருக்கு சார். கேப் அதிகமானா பாயிண்ட் சீக்கிரம் திறக்கும், ஸ்பார்க் முன்னாடி வரும். 0.1 மி.மீ. வித்தியாசத்துக்கே கிராங்குல சில டிகிரி நகரும். லூக்காஸ் டிஸ்ட்ரிபியூட்டருக்கு 0.35 முதல் 0.40 வரைதான். உதையும் நாக்கிங்கும் சேர்ந்து வந்தா அட்வான்ஸ் (ஸ்பார்க் முன்னாடி வர்ற அளவு) அதிகம்னுதான் அர்த்தம். டைமிங் பின்தங்கியிருந்தா உதைக்காது. இழுவை போகும், இன்ஜின் சூடேறும், சைலன்சர்ல வெடிச்சத்தம் வரும்.

முதல்ல கேப். ரோட்டாருக்குக் கீழ இருக்கிற கேம் முனையில பாயிண்ட் முழுசா திறந்திருக்கும்போது ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) விடுங்க. அப்புறம்தான் டைமிங், வரிசை மாத்தினா உழைப்பு வீண்.

ரேடியேட்டர் பக்கம் இருக்கிற 1-ஆம் பிளக்கைக் கழட்டி, ஓட்டையை விரலால மூடி, இன்ஜினை ஓடுற திசையிலேயே சுத்துங்க. காத்து விரலைத் தள்ளினா கம்ப்ரஷன். புல்லி வெட்டு டைமிங் கவர் முள்ளுக்கு நேரா வரணும். நீளமான முள் டிடிசி (பிஸ்டன் உச்சியில நிக்கிற நிலை), மத்த ரெண்டும் 5, 10 டிகிரி முன்னாடி. முள் கீழ்ப்பக்கம் இருந்தா குனிஞ்சுதான் பார்க்கணும். எத்தனை டிகிரின்னு கையேட்டுல பாருங்க. லோ கம்ப்ரஷன், ஹை கம்ப்ரஷன் இன்ஜினுக்கு ஒரே அளவு இல்ல. முள்ளைத் தாண்டிட்டா நல்லா பின்னாடி கொண்டுபோய் மறுபடி முன்னாடி வாங்க, இல்லன்னா செயின் தளர்ச்சி ஏமாத்திடும்.

இப்ப 12 வோல்ட் பல்பு. ஒரு வயரை காயில்ல இருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போற மெல்லிய வயர் முனையில, இன்னொண்ணை பாடியில கொடுங்க. இக்னிஷன் ஆன். பாயிண்ட் மூடியிருந்தா பல்பு எரியாது, திறக்கிற கணத்துல எரியும். அந்தக் கணம் முள்ளுக்கு நேரா வரணும். பாயிண்ட் மூடின நிலையில இக்னிஷனை ரொம்ப நேரம் விடாதீங்க, காயில் வெந்துடும்.

காட்பாடி_மார்க்2:
0.38-க்கு இறக்கியாச்சு. பல்பு இன்னும் கொஞ்சம் முன்னாடியே எரியுது. எந்தப் பக்கம் திருப்பணும் அண்ணா?

பாலாறு_ஸ்பேனர்:
மேலிருந்து பார்த்தா இதுல ரோட்டார் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில ஓடும். பாடியையும் அதே திசையில திருப்பினா டைமிங் பின்னாடி போகும், எதிரா திருப்பினா அட்வான்ஸ். கிளாம்ப் நட்டைக் கொஞ்சமா தளர்த்துங்க, போதும். உங்க டிஸ்ட்ரிபியூட்டர்ல திருகு நட் இருந்தா அதுலயே நுணுக்கமா மாத்தலாம். 11 கிளிக்குக்கு ஏறக்குறைய 1 டிகிரி.

ஆம்பூர்_கார்பரேட்டர்:
டைமிங் சரியா இருந்தும் ஏத்தத்துல நாக்கிங் தொடர்ந்தா மூணு இடம் பாருங்க.

ரோட்டாரைக் கையால ஓடுற திசையில திருப்பி விட்டா டக்குன்னு திரும்பி வரணும். வரலைன்னா உள்ள வேகத்துக்கு ஏத்தபடி அட்வான்ஸ் கூட்டுற வெயிட் மாட்டிக்கிச்சு, இல்ல ஸ்பிரிங் அறுந்திருக்கு. அறுந்தா சின்ன ஆர்.பி.எம்-லயே அட்வான்ஸ் ஏறிடும். ஷாஃப்டை பக்கவாட்டுல ஆட்டிப் பாருங்க. புஷ் தேஞ்சிருந்தா ஒவ்வொரு சிலிண்டருக்கும் கேப் வேற, எத்தனை தடவை வச்சாலும் நிக்காது. வேக்குவம் பைப்பை வாயால உறிஞ்சினா பாயிண்ட் உட்கார்ந்திருக்கிற பிளேட் நகரணும். வேக்குவம் யூனிட்டோட டயஃப்ரம் கிழிஞ்சிருந்தா நாக்கிங் வராது, மைலேஜ்தான் போகும்.

இன்னொண்ணு, இ20 (20% எத்தனால் கலந்த) பெட்ரோல். பழைய கார்பரேட்டர்ல கலவை லீன் ஆயிடும், அதாவது காத்துக்கு ஏத்த பெட்ரோல் குறையும். வெள்ளை பிளக் முனை, இன்ஜின் சூடு, கூடவே நாக்கிங்னா டைமிங்கைப் பின்னாடி தள்ளாதீங்க, கார்பரேட்டர்ல பெட்ரோல் அளவை முடிவு பண்ற ஜெட் பாருங்க.

பாலாறு_ஸ்பேனர்:
சரிதான். கடைசியா சாலையில ஒரு சோதனை: டாப் கியர்ல 40 கி.மீ. வேகத்துல முழுசா மிதிச்சா ஒரு நொடி லேசா கிலுங்கி அடங்கணும். அடங்கலைன்னா 1 டிகிரி பின்னாடி. கிளாம்பை இறுக்கின பிறகு பல்பை மறுபடி ஒரு தடவை வச்சுப் பாருங்க. இறுக்கும்போது பாடி நகர்றது சகஜம்.