ஓடுவதற்கு முன்பா, ஓடி முடித்த பின்பா: ஸ்ட்ரெச்சிங்கை எப்போது செய்ய வேண்டும்?

எலியட்ஸ்_ஓட்டம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் அதிகாலையில் கூடி ஓடும் ஒரு சிறு குழுவில் நானும் இருக்கிறேன். ஜனவரியில் நடக்கும் சென்னை மராத்தானில் 10 கிலோமீட்டர் பிரிவில் ஓடுவதற்காகப் பயிற்சி எடுத்து வருகிறேன். எங்கள் குழுவின் மூத்தவர், வந்து சேர்ந்ததுமே எல்லோரையும் வட்டமாக நிற்க வைத்து, ஏறக்குறைய பத்து நிமிடம் ஸ்ட்ரெச்சிங் செய்ய வைப்பார். நடைபாதை ஓரத்துச் சுவரில் குதிகாலைத் தூக்கி வைத்து, முழங்காலை மடக்காமல் குனிந்து, அவர் எண்ணி முடிக்கும் வரை அசையாமல் நிற்க வேண்டும். அண்மையில் வேறொரு குழுவிலிருந்து வந்து சேர்ந்த இருவர், ஓடுவதற்கு முன் தசையை இப்படி இழுத்தால் வலு குறைந்துவிடும் என்றும், ஸ்ட்ரெச்சிங்கை ஓடி முடித்த பிறகுதான் செய்ய வேண்டும் என்றும் சொல்கிறார்கள். மூத்தவரோ, முன்பே செய்யாவிட்டால் காயம் நிச்சயம் என்கிறார்.

எனக்கு முதல் ஒரு கிலோமீட்டர் வரை கெண்டைக்கால் இறுக்கமாக இருந்து, பிறகு தானாகத் தளர்ந்துவிடுகிறது. மேம்பாலத்தில் ஏறி இறங்கி ஓடினால், மறுநாள் வீட்டுப் படியில் இறங்கும்போது முன்தொடை வலிக்கிறது. இந்த இரண்டுக்கும் ஸ்ட்ரெச்சிங் உதவுமா, உதவும் என்றால் எப்போது செய்வது நல்லது என்று விவரம் தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

இயன்முறை_சேலம் எழுதியது:

வணக்கம். நான் பிசியோதெரபிஸ்டாகப் பணிபுரிகிறேன். ஓடுபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். உங்கள் குழுவில் இரு தரப்பும் சொல்வதில் பாதி சரி, பாதி மிகை. ஸ்ட்ரெச்சிங் என்று பொதுவாகச் சொல்வதில் இரண்டு வகை கலந்திருக்கிறது. ஒரு நிலையில் தசையை இழுத்து அசையாமல் பிடித்திருப்பது ஒன்று. காலை முன்னும் பின்னும் வீசுவது, முழங்காலை மார்பளவுக்கு உயர்த்தி நடப்பது, குதிகால் பிட்டத்தைத் தொடும்படி மெல்ல ஓடுவது என அசைந்துகொண்டே செய்வது மற்றொன்று. ஓட்டத்துக்கு முன் இந்த இரண்டாவது வகைதான் வேண்டும். அதையும் வந்து நின்ற உடனே தொடங்காமல், ஐந்து முதல் பத்து நிமிடம் விரைவாக நடந்து, பிறகு மெதுவாக ஓடி, உடல் சூடேறிய பின் செய்ய வேண்டும். சென்னையில் அதிகாலையிலேயே வியர்த்துவிடுவதால் உடல் சூடாகிவிட்டது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். வெளிக் காற்றின் வெப்பம் வேறு, தசையின் சூடு வேறு. தசை வேலை செய்தால்தான் அதற்குள் ரத்த ஓட்டம் கூடி அது சூடேறும்.

அசையாமல் பிடித்திருப்பதால் வலு குறைகிறது என்பது உண்மைதான், ஆனால் அளவைப் பார்க்க வேண்டும். ஒரே தசையை மொத்தம் ஒரு நிமிடத்துக்கு மேல் இழுத்துப் பிடித்தால், அதன் வலுவும் விசையும் சற்று நேரத்துக்குச் சில சதவீதம் குறைவதாகப் பல ஆய்வுகளில் தெரிகிறது. அரை நிமிடம் பிடித்துவிட்டு, அதன் பிறகு வழக்கமான வார்ம்-அப்பையும் செய்தால், அந்தக் குறைவு ஏறக்குறைய இல்லாமல் போகிறது. ஆகவே நூறு மீட்டர் ஓடுபவர் இதைப் பற்றிக் கவலைப்படலாம். நிதானமாகப் பத்து கிலோமீட்டர் ஓடுபவர் அஞ்ச வேண்டியதில்லை.

காயம் வராது என்ற நம்பிக்கைதான் எனக்குப் பெரிய சிக்கலாகத் தெரிகிறது. ஆஸ்திரேலிய ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்த 1538 ஆண்களை இரு பிரிவாக்கி நடத்திய ஆய்வு ஒன்று 2000ஆம் ஆண்டில் வெளியானது. ஒரு பிரிவினர் ஒவ்வொரு வார்ம்-அப்பின்போதும் காலின் ஆறு தசைத் தொகுதிகளை, தொகுதிக்கு 20 விநாடி வீதம், கண்காணிப்பின் கீழ் நீட்டினார்கள், மற்றவர்கள் நீட்டவில்லை. நீட்டியவர்களில் 158 பேருக்கும் நீட்டாதவர்களில் 175 பேருக்கும் காலில் காயம் ஏற்பட்டது. இரு பிரிவுகளிலும் இருந்தவர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால், இந்த விகிதங்களுக்கிடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. யாருக்குக் காயம் வரும் என்பதை முன்கூட்டிக் காட்டியவற்றுள் அவர்களுடைய ஓட்டத் தகுதி முக்கியமானது. என்னிடம் வருபவர்களிடமும் இதையே பார்க்கிறேன். பதிவு செய்துவிட்டோமே என்று போட்டிக்குச் சில வாரங்களுக்கு முன்பு தூரத்தைத் திடீரென்று கூட்டியவர்கள்தான் பெரும்பாலும் வருகிறார்கள்; அவர்களில் ஸ்ட்ரெச்சிங்கை ஒருநாளும் தவறவிடாதவர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

அதிகாலை_நடை எழுதியது:

மேலே எழுதியவரின் கருத்தை மதிக்கிறேன். என்றாலும் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். நான் ஐம்பதைக் கடந்தவன், பல ஆண்டுகளாக ஓடி வருகிறேன், ஓடுவதற்கு முன் ஸ்ட்ரெச்சிங் செய்யும் பழக்கம் உள்ளவன். அமெரிக்காவின் தேசியத் தடகள அமைப்பு 2729 பேரைக் கொண்டு இதே கேள்வியை ஆராய்ந்தது. ஓடுவதற்கு முன் நீட்டியவர்களுக்கும் நீட்டாதவர்களுக்கும் மூன்று மாத காலத்தில் ஏறக்குறைய ஒரே அளவில், அதாவது நூற்றுக்குப் பதினாறு பேர் வீதம், காயம் ஏற்பட்டது. ஆனால் வழக்கமாக நீட்டி வந்தவர்களை ஆய்வுக்காகத் திடீரென்று நிறுத்தச் சொன்னபோது, அவர்களுக்குக் காயம் கூடுதலாக ஏற்பட்டது என்பதையும் அந்த ஆய்வு காட்டியது. எனவே, உங்கள் குழுவின் மூத்தவரைப் போல நெடுநாளாகச் செய்து வருபவரிடம் போய், இன்றோடு நிறுத்திவிடுங்கள் என்று சொல்வது சரியாக இருக்காது. வந்தவுடன் செய்வதை, ஒரு கிலோமீட்டர் மெதுவாக ஓடிவிட்டு வந்து, இன்னும் குறைந்த நேரம் செய்யலாமா என்று கேட்டுப் பாருங்கள். வரிசையை மாற்றுவதை அவர் எளிதாக ஏற்றுக்கொள்வார் என்று நினைக்கிறேன். புதிதாக ஓடத் தொடங்குபவருக்கு அந்தப் பழைய முறையைக் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை என்பதில் எனக்கு மறுப்பு இல்லை.

திடல்_மதுரை எழுதியது:

நான் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். மாணவர்கள் திடலுக்கு வந்தவுடன் தரையில் கால் நீட்டி உட்கார, பின்னால் நிற்கும் ஒருவன் முதுகில் கை வைத்து அழுத்தி, நெற்றி முழங்காலைத் தொடும் வரை தள்ளுவது இன்னும் பல இடங்களில் நடக்கிறது. பிள்ளை முகத்தைச் சுளித்துக்கொண்டு முழங்காலைத் தூக்குவான்; அவன் ஏமாற்றுகிறான் என்று எண்ணி, இன்னொருவன் முழங்காலையும் சேர்த்துப் பிடித்து அமுக்குவான். சூடேறாத பின்தொடைத் தசையைப் பிறர் பலத்தில் இழுப்பதால் நன்மை ஒன்றும் இல்லை, தசை கிழியும் ஆபத்துத்தான் உண்டு. பெரியவர்களின் குழுக்களிலும் இப்படி ஒருவரை ஒருவர் தள்ளிவிடுவதைக் கண்டால், தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள்.

ஒரு விதிவிலக்கையும் சொல்ல வேண்டும். தடை தாண்டி ஓடுபவர்களுக்கு இடுப்பும் பின்தொடையும் நன்றாக விரிய வேண்டியிருப்பதால், அவர்களை வார்ம்-அப்பின் நடுவில் சிறிது நேரம் நீட்டச் சொல்வேன். அதன் பிறகு நான்கைந்து முறை வேகமாகக் குறுந்தூரம் ஓடிய பின்பே தடைகளுக்கு அருகில் விடுவேன்.

எலியட்ஸ்_ஓட்டம் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. முன்பு செய்வது பற்றித் தெளிவு கிடைத்தது. மூத்தவரிடமும் பக்குவமாகப் பேசிப் பார்க்கிறேன். ஓடி முடித்த பின் ஸ்ட்ரெச்சிங் செய்தால் லாக்டிக் அமிலம் வெளியேறி மறுநாள் வலி குறையும் என்கிறார்களே, அது சரியா? கெண்டைக்கால் இறுக்கத்துக்கும் ஒரு வழி சொன்னால் உதவியாக இருக்கும்.

இயன்முறை_சேலம் எழுதியது:

லாக்டிக் அமிலத்துக்கும் மறுநாள் வலிக்கும் தொடர்பு இல்லை. ஓடும்போது ரத்தத்தில் கூடும் லாக்டேட் (லாக்டிக் அமிலம் உடலில் இருக்கும் வடிவம்), ஓட்டத்தை நிறுத்திய ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துவிடும்; உங்கள் வலியோ மறுநாள்தான் தலைகாட்டுகிறது. மேம்பாலத்தில் இறங்கும்போது ஒவ்வோர் அடியிலும் உடலின் எடையை முன்தொடைத் தசை நீண்டுகொண்டே தாங்கிப் பிடிக்கிறது. பழக்கமில்லாத தசை இப்படி வேலை செய்யும்போது அதன் இழைகளில் மிக நுண்ணிய சிதைவு ஏற்படுகிறது. அதனால் எழும் வலி ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் உச்சத்தைத் தொட்டுத் தானாகத் தணியும். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் என்ற அமைப்பு பன்னிரண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, ஓடி முடித்த பின் நீட்டுவதால் மறுநாள் வலி, நூறு புள்ளி அளவுகோலில் சராசரியாக ஒரு புள்ளிதான் குறைகிறது. அதை யாராலும் உணர முடியாது. மேம்பாலத்தில் இறங்கும் தூரத்தை வாரந்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் தசை பழகிக்கொள்ளும். வலியும் அந்த அளவுக்குக் குறைந்துவிடும்.

அப்படியானால் பின்பு எதற்காக நீட்ட வேண்டும் என்று கேட்பீர்கள். மூட்டுகள் நன்றாக வளைந்துகொடுக்க வேண்டும் என்று விரும்பினால், தசை சூடாக இருக்கும் அந்த நேரம் வசதியானது. செய்த பின் உடல் இலகுவாக இருப்பதாக உணர்ந்தாலும் தாராளமாகச் செய்யுங்கள். நேரமில்லாத நாளில் விட்டுவிட்டால் கேடு ஒன்றும் வராது.

கெண்டைக்காலில் மேலே ஒரு தசையும் அதற்கு அடியில் ஒரு தசையும் இருக்கின்றன. சுவரைப் பிடித்துக்கொண்டு, பின்காலின் முழங்காலை நேராக வைத்து நீட்டினால் மேலுள்ள தசை நீளும். குதிகால் தரையைவிட்டு எழாமல் அதே முழங்காலைச் சற்று மடக்கினால் அடியிலுள்ள தசைக்கும் இழுப்புப் போகும். பலர் முதலாவதை மட்டும் செய்துவிட்டு இறுக்கம் போகவில்லை என்பார்கள். அதோடு, படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி நின்று, குதிகாலை உயர்த்தி மெதுவாக இறக்கும் பயிற்சியை வாரத்தில் இரண்டு மூன்று நாள் செய்யுங்கள். முதல் கிலோமீட்டரில் மட்டும் இறுக்கம் இருந்து பிறகு தளர்கிறது என்றால், அந்தக் கிலோமீட்டரை இன்னும் மெதுவாக ஓடினாலே போதுமானதாக இருக்கலாம்.

இதற்கு மாறாக, உட்காரும்போது பிட்டத்தின் அடியில் எலும்பை ஒட்டி வலித்தால், சுவரில் கால் வைத்துக் குனியும் அந்தப் பயிற்சியை உடனே நிறுத்திவிடுங்கள். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் அங்கே எலும்பில் அழுந்துவதால் வலி கூடவே செய்யும். ஒரு காலின் கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, ஓய்வாக இருக்கும்போதும் வலித்தால், நீட்டிப் பார்ப்பதோ தேய்த்துவிடுவதோ கூடாது. அது ரத்தக் குழாய்க்குள் ரத்தம் உறைந்து ஏற்பட்ட அடைப்பாக இருக்க வாய்ப்புள்ளதால், அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.